சண்டை மீன் தொட்டியில் மூன்று விதப் பாசி, மருந்து ஊற்றலாமா?

வேணி, செங்காங்:

எல்லாருக்கும் வணக்கம். வரவேற்பறையில் 30 செ.மீ. கனசதுரத் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம், தண்ணீர் கிட்டத்தட்ட 25 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஒரே ஒரு ஆண் சண்டை மீன், ஹாஃப்மூன் வகை, கருநீலம். செடிகள் என்று பார்த்தால், கட்டையில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் ஜாவா மாஸ், மண்ணில் இரண்டு மூன்று கிரிப்டோகொரைன். ஸ்பாஞ்சு ஃபில்டர் ஓடுகிறது. கரியமில வாயு சிலிண்டர் எல்லாம் கிடையாது, ஹீட்டரும் இல்லை.

வைத்த புதிதில் அவ்வளவு அழகாக இருந்த தொட்டியில் இப்போது மூன்று விதமாகப் பாசி பிடித்திருக்கிறது. கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கடினமான பச்சைப் புள்ளிகள், கட்டைவிரலால் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. மாஸுக்குள் மெல்லிய பச்சை இழைகள் நீளநீளமாக ஓடி, எது மாஸ் எது பாசி என்று பிரிக்கவே முடியவில்லை. அப்புறம் ஃபில்டர் குழாய் வாயிலும் ஜாவா ஃபெர்ன் இலை ஓரத்திலும் குட்டிக் குட்டியாகக் கறுப்புக் கொத்துகள், இழுத்தாலும் வருவதில்லை. இதைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விளக்கு தொட்டியோடு வந்த எல்.இ.டி. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது போடுவோம், இரவு படுக்கும்போது அணைப்போம். தொட்டி ஜன்னலை ஒட்டி இருக்கிறது, மாலை வெயில் அடிக்கும் பக்கம். சாப்பாடு குருணை. மாமியாருக்கு இந்த மீன் மேல் உயிர், அவரும் போடுவார், பிள்ளைகளும் போடுவார்கள். வாரம் ஒரு முறை பாதித் தண்ணீர் மாற்றுகிறேன்.

கடையில் கேட்டதற்குப் பாசி கொல்லி என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள், இன்னும் திறக்கவில்லை. என் அக்காவோ எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புதிதாக ஆரம்பி என்கிறாள். மீனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, எனக்கு அதுதான் முக்கியம். என்ன செய்யலாம்?


ராஜன், ஜூரோங் வெஸ்ட்:

வேணி, அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். பாசி கொல்லிகள் பலவற்றில் செம்பு இருக்கும், நாளைக்கு நீங்கள் நத்தையோ இறாலோ விடலாம் என்று நினைத்தால் அது அவற்றைக் கொன்றுவிடும். செம்பு இல்லாத மருந்தாக இருந்தாலும், இவ்வளவு பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுக ஆரம்பித்தால் 25 லிட்டர் தண்ணீர் தாங்காது, அம்மோனியா ஏறிவிடும். சண்டை மீன் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடக்கூடியது, அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் ஓரளவு சமாளிக்கும், ஆனால் அம்மோனியாவிடம் அதன் ஜம்பம் எதுவும் பலிக்காது.

அக்கா சொல்கிற வழியும் வேண்டாம். கொட்டிக் கழுவினால் ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் குடியிருக்கிற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும், பிறகு அதே விளக்கு, அதே வெயில், அதே சாப்பாடு என்றால் பாசி திரும்பி வராமல் என்ன செய்யும்? மீன்தான் நடுவில் கஷ்டப்படும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் பட்டது விளக்கு. பள்ளி நேரம் என்றால் காலை ஆறு மணியாவது இருக்கும், படுக்கப் பத்து பதினொன்று ஆகும், ஆக பதினாறு மணி நேரத்துக்கு மேல் எரிகிறது. அதற்கு மேல் ஜன்னல் வேறு. நம் சிங்கப்பூரில் வருடம் முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில் விடிந்து மாலை ஏழு மணி வாக்கில்தான் இருட்டுகிறது, குளிர்காலம் வந்து வெளிச்சம் குறையட்டும் என்று காத்திருக்க வழியே இல்லை. நீங்கள் வைத்திருக்கிற செடிகளோ எல்லாம் நிழலில் மெதுவாக வளர்கிறவை. கிரிப்டோகொரைன் நம் வட்டாரத்துக் காட்டோடைச் செடி, புக்கிட் தீமா காட்டிலேயே ஒரு வகை உண்டு, மரநிழலில் வளர்கிறது. இந்தச் செடிகளால் இவ்வளவு வெளிச்சத்தைச் சாப்பிட முடியாது, மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. மீனுக்கும் அந்த வெளிச்சம் தேவையில்லை, அதன் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கத்து வயலும் சதுப்பும், செடி அடர்ந்த ஆழமில்லாத தண்ணீர்.

ஆகவே இன்றைக்கே டைமர் பிளக் ஒன்று வாங்கி ஆறு மணி நேரம் வையுங்கள். நீங்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரமாக, மாலை நான்கிலிருந்து பத்து வரை இருக்கட்டும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கையால் போட்டு அணைக்கிற வேலை வேண்டாம், ஒரு நாள் ஐந்து மணி நேரம், ஒரு நாள் பத்து மணி நேரம் என்று ஆகிவிடும். விளக்கில் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் உயர்த்தி மாட்டுங்கள். ஜன்னல் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு அட்டை ஒட்டிவிடுங்கள். தொட்டியை வேறு இடத்துக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் தண்ணீரோடு தூக்காதீர்கள், அடிக் கண்ணாடி விரிசல் விட்டால் வீடு முழுக்க வெள்ளம்.

இரண்டாவது, வேகமாக வளர்கிற செடி ஒன்று உள்ளே வேண்டும். மீன் கழிவிலிருந்து வருகிற சத்தைப் பாசிக்கு முன்னால் அது எடுத்துக்கொள்ளும். மிதக்கும் செடி இதற்கு அருமையானது, ஃப்ராக்பிட் அல்லது சால்வினியா. காற்றில் இருக்கிற கரியமில வாயுவையே எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் இல்லாத தொட்டியிலும் மளமளவென்று வளரும், கீழே நிழலும் கிடைக்கும். ஆண் மீன் அதன் வேருக்கு நடுவில் நுரைக்கூடு கட்டும், பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. ஆனால் மேற்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும், அது வந்து மூச்சு வாங்க இடம் வேண்டுமே. டக்வீட் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒருமுறை நுழைந்தால் பிறகு வெளியேற்றுவது பெரும்பாடு.

ஒரு கேள்வி. மண் மேலோ செடி மேலோ நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்று ஏடு படிந்திருக்கிறதா, தொட்டால் ஏடாகவே உரிந்து வருகிறதா, கெட்ட வாடை அடிக்கிறதா? அப்படி இருந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, அதற்கு வைத்தியம் வேறு.


பாத்திமா, பிடோக்:

வேணி, ராஜன் அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டார், நான் சாப்பாட்டைப் பிடிக்கிறேன். வீட்டில் ஆளாளுக்குப் போட்டால் அந்தக் குட்டி வயிறு எவ்வளவு தாங்கும்? மிச்சமெல்லாம் மாஸுக்குள் விழுந்து அழுகி, அப்படியே பாசிக்கு உரமாகிறது. வளர்ந்த சண்டை மீனுக்குக் காலையில் இரண்டு மூன்று குருணை, மாலையில் இரண்டு மூன்று குருணை போதும். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாமல் விட்டாலும் அதற்கு நல்லதுதான்.

மாமியாரிடம் போடாதீர்கள் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும். எங்கள் வீட்டிலும் அத்தை இருக்கிறார், அதனால் நான் கண்டுபிடித்த வழி இது. மாத்திரை போட்டு வைக்கிற, ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு அறையிலும் அன்றைக்கு உண்டான குருணையை எண்ணிப் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அறை காலி என்றால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. அத்தைதான் இப்போது டப்பாவுக்கே பொறுப்பு, பிள்ளைகள் கை வைத்தால் சத்தம் போடுகிறார்.

அப்புறம் நத்தை. நெரைட் நத்தை ஒன்றோ இரண்டோ விடுங்கள், கண்ணாடியையும் கட்டையையும் நன்றாக மேயும், பெரும்பாலான சண்டை மீன்கள் அதைச் சீண்டுவதில்லை. ஒரே குறை, எள் ஒட்டியது மாதிரி வெள்ளை முட்டைகளைக் கட்டையெல்லாம் வைக்கும், உப்பில்லாத தண்ணீரில் அது பொரிக்காது, அதனால் பெருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நம் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, ஓடு அரிக்கும், கணவாய் ஓடு சின்னத் துண்டு ஒன்று போட்டு வையுங்கள்.

கடையில் தங்க நிற ஆப்பிள் நத்தையைக் காட்டினால் வாங்காதீர்கள், அது செடியையே தின்றுவிடும். கால்வாய் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து பார்த்திருப்பீர்கள் அல்லவா, அது இதன் வேலைதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் நத்தையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சக்கர் மீனும் வேண்டாம், பாசி தின்னும் என்று குட்டியாகக் கொடுப்பார்கள், ஒரு அடிக்கு மேல் வளரும். அதைத் தொட்டியில் வைக்க முடியாமல் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், மகா பாவம் அது, சட்டப்படியும் குற்றம்.


குமரேசன், ஈசூன்:

இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் கறுப்புக் கொத்து விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வெளிச்சத்தையும் சாப்பாட்டையும் குறைத்தால் அது பரவுவது நிற்கும், ஏற்கெனவே ஒட்டியிருப்பது தானாகப் போகாது. அதை நத்தையும் தொடாது. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் அது செம்பாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது, சாகும்போதுதான் உள்ளே இருக்கிற சிவப்பு வெளியே தெரியும்.

நான் செய்வது திரவக் கார்பன். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொத்தின் மேலேயே மெதுவாக விட்டால் சில நாளில் இளஞ்சிவப்பாக மாறி உதிரும். அமானோ இறாலும் வைத்திருக்கிறேன், பச்சை இழையை அதுபோல் சுத்தம் செய்ய வேறு ஆள் கிடையாது. என் மீன் சாது, இறாலைக் கண்டுகொள்ளாது. உங்கள் மீன் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள், செர்ரி இறால் விட்டால் பெரும்பாலும் அதற்கு விருந்துதான்.


ராஜன், ஜூரோங் வெஸ்ட்:

குமரேசன், கறுப்புக் கொத்து தானாகப் போகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சண்டை மீன் இருக்கிற 25 லிட்டர் தொட்டியில், அதுவும் புதிதாக வளர்க்கிறவருக்குத் திரவக் கார்பனை நான் சொல்ல மாட்டேன். அதில் இருப்பது குளூட்டரால்டிஹைடு வகைச் சரக்கு, மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படுவது. பெரிய தொட்டியில் இரண்டு மில்லி கூடினால் தெரியாது, இதில் தெரியும். மாஸ் வாடும், வாலிஸ்னேரியா செடி இருந்தால் கரைந்தே போகும்.

வேணி, உங்கள் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கட்டையில் இருப்பது உங்களுக்கு வசதி. கட்டையோடு வெளியே எடுத்துவிடுங்கள், மருந்து தொட்டிக்குள்ளேயே போக வேண்டாம். மருந்துக் கடையில் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்ஸைடு கிடைக்கும். பழைய பெயின்ட் பிரஷால் கறுப்புக் கொத்து இருக்கிற இடத்தில் மட்டும் தடவுங்கள், பொங்கிப் பொங்கிச் சின்னக் குமிழ் வரும், இரண்டு மூன்று நிமிடம் விட்டு, தொட்டியிலிருந்து எடுத்து வைத்த தண்ணீரில் நன்றாக அலசித் திரும்ப வையுங்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த நாளில் கறுப்பு மங்கி ரோஸாகும், பிறகு வெளுக்கும், அதற்கப்புறம் உதிர்வதை நத்தையே மேய்ந்துவிடும். மோசமாகப் பிடித்த இலையைக் காப்பாற்றப் பார்க்காமல் காம்போடு வெட்டிவிடுங்கள். ஃபில்டர் குழாயைக் கழற்றி அதே பெராக்ஸைடில் ஊறவைத்துக் கழுவலாம், ஆனால் ஸ்பாஞ்சில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் பிழிந்தால் போதும். உள்ளே கழிவு அடைத்துக் கிடக்கிற தொட்டியில்தான் இந்தக் கொத்து அதிகம் வரும் என்பது என் அனுபவம், அதனால் பிழியும்போது தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள்.

மாஸில் ஓடுகிற இழைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்தான். உள்ளே விட்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் இழை பிரஷில் சுருண்டு வந்துவிடும், கொஞ்சம் மாஸும் வரும், போகட்டும், அது வளர்ந்துவிடும். கண்ணாடிப் புள்ளிக்குப் பழைய ஈஸி-லிங்க் பயண அட்டையின் ஓரத்தால் சுரண்டுங்கள், அக்ரிலிக் தொட்டி என்றால் கீறல் விழும், கண்ணாடி என்றால் கவலையில்லை. இந்தச் சுத்தமெல்லாம் முடித்த கையோடு தண்ணீர் மாற்றுங்கள், மிதக்கிற தூளெல்லாம் அதோடு வெளியேறட்டும்.


வேணி, செங்காங்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ராஜன் அண்ணா, வழவழப்பான ஏடு எதுவும் இல்லை, தொட்டியை முகர்ந்தும் பார்த்தேன், மழை பெய்த மண் வாசனைதான். ஸ்பாஞ்சைப் பிழிந்தேன், தண்ணீர் கோப்பி நிறத்தில் வந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். செடிக்குத் திரவ உரம் வாரம் ஒரு முறை போடுகிறேன், அதை நிறுத்த வேண்டுமா? அப்புறம், தண்ணீர் மாற்றும்போது முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்து, காலையில் ஊற்றினால் குளோரின் போய்விடும் என்று அப்பா சொல்கிறார், மருந்து வேண்டாம் என்கிறார். அது சரியா?


லெட்சுமி, தோ பாயோ:

வேணிம்மா, வாளி விஷயத்தில் அப்பா சொல்வது அந்தக் காலத்துக்கும் வேறு ஊருக்கும் சரியாக இருக்கலாம். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் சேர்ப்பது குளோரமின், அது குளோரின் மாதிரி ராத்திரியில் காற்றோடு போய்விடாது, காலையிலும் அப்படியே இருக்கும். அதை ஊற்றினால் மீனின் செவுளும் எரியும், ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும். பாக்டீரியா குறைந்தால் கழிவு தேங்கும், பிறகு நீங்கள் என்னதான் விளக்கைக் குறைத்தாலும் பாசி குறையாது. அதனால் குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்கிற நீக்கி மருந்தாகப் பார்த்து வாங்குங்கள், பாட்டிலில் எழுதியிருக்கும். பிடித்த தண்ணீரில் அளவாகச் சொட்டு விட்டுக் கலக்கினால் உடனே ஊற்றலாம், இரவெல்லாம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்கிச் சோதனைக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உள்ளே மீன் இருக்கிறது, கொசுப்புழுவை அதுவே தின்றுவிடும். பின்கட்டில் மூடாமல் மறந்துபோன வாளியில் புழு இருந்தால் அபராதம்தான்.


ராஜன், ஜூரோங் வெஸ்ட்:

லெட்சுமி அக்கா சொன்னதற்கு மேல் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வாரம் பாதித் தண்ணீர் மாற்றுவதை அப்படியே தொடருங்கள்.

உரத்தை நிறுத்தாதீர்கள். பாசி வந்ததும் எல்லாரும் முதலில் உரத்தைத்தான் நிறுத்துகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செடி பட்டினி கிடந்தால் அதன் பழைய இலை பலவீனமாகி, அந்த இலையில்தான் பாசி முதலில் உட்காரும். அந்தக் கடினமான பச்சைப் புள்ளி பல நேரம் பாஸ்பேட் குறைந்த, வெளிச்சம் கூடிய தொட்டியில்தான் வருகிறது. பாட்டிலில் போட்டிருக்கிற அளவு செடி அடர்ந்த தொட்டிக்கானது, உங்களுக்கு அதில் பாதி போதும், மிதக்கும் செடி பெருகின பிறகு இலை மஞ்சளடித்தால் கூட்டிக்கொள்ளலாம். நைட்ரேட் பார்க்கிற சொட்டுக் கருவி ஒன்று இருந்தால் நல்லது, லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருந்தால் சரி.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். வெளிச்சத்தைக் குறைத்த சில நாளில் கிரிப்டோகொரைன் இலைகள் கரைந்து உதிரலாம். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், அது மாற்றத்துக்குக் கோபித்துக்கொள்கிற செடி, வேர் உறுதியாக இருந்தால் புது இலை விடும். உதிர்ந்த இலையை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். பாசி குறைகிறதா என்று பழைய இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அதில் இருக்கிற புள்ளி அப்படியேதான் இருக்கும். புதிதாக வருகிற அனுபியாஸ் இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அனுபியாஸ் மெதுவாக வளர்கிற செடி, ஆகவே ஒரு மாதத்துக்குக் குறையாமல் பொறுத்திருங்கள், நடுவில் பொறுமை இழந்து விளக்கு நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.


வேணி, செங்காங்:

சரி அண்ணா. டைமர் வாங்கிவிட்டேன், ஜன்னல் பக்கம் அட்டையும் ஒட்டியாயிற்று. மாத்திரை டப்பா மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பாத்திமா. இனி மிதக்கும் செடிதான் பாக்கி. இங்கே பக்கத்துக் கடையில் டக்வீட் கலந்த சால்வினியாதான் இருக்கிறது. சிராங்கூன் நார்த் பக்கம் போனால் ஃப்ராக்பிட் கிடைக்குமா?


பாத்திமா, பிடோக்:

அங்கே கடைகள் வரிசையாக இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும். ஆனால் எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், என் தொட்டியில் வாராவாரம் அள்ளிக் குப்பையில்தான் போடுகிறேன். சனிக்கிழமை பாய லேபார் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் பக்கம் வருவேன், ஒரு டப்பாவில் கொண்டு வருகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள். டக்வீட் இல்லாமல் ஒவ்வொரு வேராக அலசித்தான் தருவேன், இருந்தாலும் நீங்களும் வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் இரண்டு போட்டுத் தருகிறேன், தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமாகும், அது வெளிச்சத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், சண்டை மீனுக்கும் அந்தத் தண்ணீர் பிடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு இலை போதும்.